டி.என்.எஃப்.: மூட்டை வீங்க வைக்கும், காசநோயை அடக்கி வைக்கும் மரபணு

முடக்குவாதம் உள்ளவர்களுக்குக் காலையில் எழும்போது விரல் மூட்டுகள் வீங்கி, மடக்க முடியாமல் இறுகிக் கிடக்கும். இந்த வீக்கத்தைத் தூண்டும் முக்கியப் புரதங்களில் ஒன்று டி.என்.எஃப். அதை உருவாக்கும் மரபணு மனிதனின் 6ஆவது குரோமோசோமில் உள்ளது. நீளம் ஏறக்குறைய 3,000 எழுத்துகள்தான்.

கிருமி உடலுக்குள் நுழைந்ததும் சில வெள்ளை இரத்த அணுக்கள் இந்த மரபணுவை இயக்குகின்றன. உருவாகும் புரதம் மூன்று மூன்றாகச் சேர்ந்து மற்ற அணுக்களுக்கு அபாயச் செய்தி கொண்டு செல்கிறது. காய்ச்சலும் வீக்கமும் அந்தச் செய்தியின் விளைவுகளே. கிருமி ஒழிந்ததும் செய்தி அடங்க வேண்டும். முடக்குவாதத்தில் அது அடங்குவதில்லை.

பெயரின் கதை வேறு. 1975இல் நியூயார்க் ஆய்வாளர்கள், பி.சி.ஜி. கிருமியும் பின்னர் பாக்டீரியா நச்சும் செலுத்தப்பட்ட எலிகளின் இரத்தத்தில் புற்றுக்கட்டியை அழிக்கும் பொருள் ஒன்றைக் கண்டனர். இங்கே பிறந்த குழந்தைகளுக்குப் போடப்படும் அதே பி.சி.ஜி.தான். ‘கட்டி அழிக்கும் காரணி’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். உடல் முழுவதும் செலுத்தும் புற்றுநோய் மருந்தாக அது தேறவில்லை, நச்சுத்தன்மை அதிகம். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

பலன் எதிர்த்திசையில் கிடைத்தது. 1990களில் லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி இருவரும் இப்புரதத்தைத் தடுத்தால் முடக்குவாத வீக்கம் தணிவதைக் காட்டினர். இன்ஃப்ளிக்ஸிமேப், அடாலிமுமேப் போன்ற ஊசி மருந்துகள் அந்த வழியில் வந்தவை. எழுந்து நடக்கவே சிரமப்பட்ட பலரை அவை மீண்டும் வேலைக்கு அனுப்பியிருக்கின்றன.

ஆனால், நுரையீரலில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி உடல் எழுப்பும் அணுச்சுவரைத் தாங்கிப் பிடிப்பதும் இதே டி.என்.எஃப்.தான். அதைத் தடுத்தால் சுவர் சரியக்கூடும். இன்ஃப்ளிக்ஸிமேப் பெற்றவர்களில் 70 பேருக்குக் காசநோய் கண்டதாக 2001இல் ஓர் அமெரிக்க ஆய்வு தெரிவித்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் நுரையீரலுக்கு வெளியேயும் பரவியிருந்தது.

அதனால்தான் ஊசி தொடங்கும் முன் மார்பு எக்ஸ்ரேயும், தோல் அல்லது இரத்தப் பரிசோதனையும் செய்கிறார்கள். தாத்தாவுக்கோ பாட்டிக்கோ தோட்டத்து லயத்தில் காசநோய் இருந்ததைச் சொல்லப் பல குடும்பங்கள் இன்னமும் கூச்சப்படுகின்றன. ஒரே வீட்டில் வளர்ந்த பேரப்பிள்ளையின் உடலில் அந்தக் கிருமி இத்தனை ஆண்டுகள் உறங்கியிருக்கலாம். மருத்துவரிடம் மறைக்கக்கூடாத செய்தி அது. உறங்கும் கிருமி தெரியவந்தால் ஊசி கைவிட்டுப் போவதில்லை. முதலில் காசநோய்த் தடுப்பு மாத்திரை, பொதுவாக ஒரு மாதமாவது கழித்து ஊசி. ஊசி போட்டுவரும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், இரவில் வியர்வை, காரணமின்றி எடை குறைவு என எது தென்பட்டாலும் அடுத்த ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.