ராஜா தோட்டத்துச் சாணிப் பத்து

செடியைக் கவாத்து செய்ததும் வெட்டுவாயிலே சாணியை அப்பி வைக்கிறவர்கள் நம்மிலே உண்டு. இதே சாணிப் பத்துக்கு இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1,500 பவுண்டு கொடுத்தது என்றால் நம்புவீர்களா?

லண்டனில் மன்னரின் தோட்டங்களைக் கவனித்து வந்தவர் வில்லியம் ஃபோர்சைத். பொந்து விழுந்த பழமரங்களுக்கு அவர் ஒரு மருந்து செய்தார். பசுஞ்சாணி ஒரு மரக்கால் என்றால், பழைய கட்டடத்துச் சுண்ணாம்புக் காரை அரை மரக்கால், விறகுச் சாம்பல் அரை மரக்கால், மணல் வீசம். அவ்வளவுதான் சரக்கு! ஆனால் அந்த நாளில் அவர்களுடைய போர்க்கப்பல்களுக்கு ஓக் மரம்தான் ஆதாரம். பொந்து விழுந்த மரம் கப்பலுக்கு ஆகுமா? அதனால்தான் பாராளுமன்றமே பணத்தை எடுத்து நீட்டியது. 1791-ல் செய்முறை அச்சாகி வெளிவந்தது.

எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற தோட்டக்கலை அறிஞர் 1802-லேயே பத்தின் பலனைச் சந்தேகித்து எழுதினார். ஃபோர்சைத் பத்துப் போடுவதற்கு முன்னால் பட்ட பாகத்தையெல்லாம் நல்ல மரம் தெரிகிற வரைக்கும் செதுக்கி எடுத்துவிடுவார். மரம் பிழைத்திருந்தால் அந்தக் கத்திக்குத்தான் பேர் போயிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பேர் என்னவோ சாணிக்குப் போயிற்று.

வழக்கு தீர ரொம்ப காலம் ஆயிற்று. அமெரிக்க வனத்துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஷைகோ மரங்களை நெடுக்காக அறுத்து உள்ளே பார்த்தார். மனிதருக்குப் புண் ஆறுகிற மாதிரி மரத்துக்கு ஆறுவதில்லை. கெட்ட இடத்தைச் சுற்றி மரமே சுவர் வைத்து அடைத்துவிட்டு, அதன்மேல் புதிதாக வளர்கிறது என்று 1977-ல் விளக்கினார். வெறும் பூச்சு உள்ளே போகிற அழுகலை நிறுத்தாது என்பதும் தெரிந்தது. நோய்க்கென்று வேளாண் அலுவலர் சொல்லும் மருந்து வேறே விஷயம், அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் எங்கே வெட்டுவது? கிளை புறப்படுகிற இடத்திலே வளையம் போலத் தடித்திருக்கும், தடவிப் பாருங்கள். சுவர் வைக்கிற வேலை அங்கேதான் நடக்கிறது. அந்த வளையத்தைச் சீவிவிடாமல், அதை ஒட்டி வெளிப்பக்கமாக வெட்டுங்கள். முளைக்குச்சி மாதிரி நீட்டியும் விடாதீங்க, அது பட்டுப்போய் அழுகலுக்கு வழி விடும். கத்தி மழுங்கலாக இருந்தால் பட்டை கிழிந்துபோகும்.

ஃபோர்சைத் பேரில் ஒரு மஞ்சள் பூச்செடியும் இருக்கிறது, ஃபோர்சைத்தியா என்று. அது போன வருஷத்துக் கொம்பிலே பூப்பது. பூ முடிந்த கையோடு வெட்ட வேண்டும். நம்ம குண்டுமல்லி புதுத் தளிரிலே மொட்டு விடுவது. நவம்பர் கடைசி வாரத்திலே, தரையிலிருந்து 50 சென்டிமீட்டர், அதாவது ஒரு முழத்துக்குச் சற்றே கூடுதலாக விட்டு வெட்டுங்கள்.