ரூபவாகினி தெரிந்த முற்றங்கள்

தமிழ் சினிமாவின் வரலாறு என்று இதுவரை எழுதப்பட்டவற்றைப் புரட்டும்போதெல்லாம் ஒரு குறை நமக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. எந்தப் படம் எந்த ஆண்டு வெளிவந்தது, யார் பணம் போட்டார், எத்தனை நாள் ஓடியது, எந்த விருது கிடைத்தது என்பனவெல்லாம் அவற்றில் உண்டு. படம் முடிந்து எழுந்தவர்கள் வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே வீடு திரும்பும் வழியில் என்ன பேசினார்கள் என்பது மட்டும் எங்கும் இல்லை. தொலைக்காட்சியின் வரலாற்றிலும் இதே கதைதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிநேகிதனிடம் சொன்ன அபிப்பிராயம் சொன்ன மறுகணமே காற்றோடு போய்விடுகிறது.

சாத்தான்குளத்தையும் அதைச் சுற்றிய தேரிக்காட்டு ஊர்களையும் சேர்ந்த நாங்கள் ஐந்தாறு பேர், எண்பதுகளில் ஒரே வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்தவர்கள். அந்த வீட்டுக்குரியவர் அண்மையில் காலமானார். துக்கம் கேட்கப் போன இடத்தில் பேச்சு எங்கெங்கோ சுற்றி அந்த முற்றத்திலேயே வந்து நின்றது. நினைவு அத்தனை நம்பத்தக்க ஆவணமன்று என்பதை அறிந்தே இதை எழுதுகிறோம்.

*

சாத்தான்குளம் கடற்கரை ஊரன்று. பனையும் உடைமரமும் செம்மணல் தேரியும் சூழ்ந்த உள்ளூர். 1986இல் தனி மாவட்டம் பிரிக்கப்படும்வரை திருநெல்வேலி மாவட்டத்தின் ஒரு மூலையாக இருந்தது. கிழக்கே திருச்செந்தூர், மணப்பாட்டுக் கரைகள். அதற்கப்பால் மன்னார் வளைகுடா. வரைபடத்தில் அளந்து பார்த்தால் இங்கிருந்து கொழும்பு உள்ள தூரம் சென்னை உள்ள தூரத்தில் ஏறத்தாழப் பாதிதான்.

1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையேதான் கப்பல் ஓட்டியது என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அதற்கு முன்னும் பின்னும் எங்கள் பக்கத்து மனிதர்கள் கொழும்பு, கண்டி, காலிக் கடைகளில் கணக்கெழுதவும் பொட்டலம் கட்டவும் போய்க்கொண்டேயிருந்தார்கள். இலங்கை விடுதலை அடைந்தபின் குடியுரிமைச் சட்டங்களும் விசாக் கெடுபிடிகளும் இறுக, பலரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பினர். ஊருக்கு ஊர் 'கொழும்புப் பாட்டையா' என்று ஒருவர் இருந்தார். அவர்கள் கொண்டுவந்தவற்றில் சிங்களமும் ஒன்று. பேச ஆளில்லாமல் அது அவர்களுக்குள்ளேயே துருப்பிடித்துக் கிடந்தது.

காட்சிக்கு முன்பே குரல் வந்துவிட்டது. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்படப் பாடல்களை ஒதுக்கிவைத்தபோது நாடே இலங்கை வானொலியின் பக்கம் திரும்பியது. அந்தத் தடை தளர்ந்த பிறகும் தென்கோடித் தமிழர் பலர் திரும்பி வரவில்லை. கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் எங்கள் டீக்கடைகளுக்குச் சொந்தமானவை. படம் ஊருக்கு வருவதற்கு மாதங்களுக்கு முன்பே அதன் பாட்டும் வசனத் துண்டும் வந்துவிடும். பார்க்காத படத்தைப் பற்றி உறுதியாக அபிப்பிராயம் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இப்படித்தான் தொற்றியது.

கூடாரக் கொட்டகையில் ஒரே புரொஜெக்டர்தான். சுருள் மாற்றுவதற்காக ஒரு படத்துக்கு மூன்று இடைவேளைகள் விடுவார்கள். அந்த இடைவேளைகளில் மணலைக் குவித்து உட்கார்ந்தபடியே மிச்சக் கதை எப்படிப் போகவேண்டும் என்று வழக்கு நடக்கும். நாங்கள் கேட்ட முதல் திரை விமர்சனம் அதுதான்.

*

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன் அலை எங்கள் பக்கம் எட்டவே இல்லை. 1982 பிப்ரவரி 15 அன்று இலங்கையில், ஜப்பானிய அரசின் நிதியுதவியோடு, ரூபவாகினி தொடங்கியது. அதன் முதன்மை ஒளிபரப்பி அத்தீவின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலையின் மேல், 2,500 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருந்தது. அங்கிருந்து எங்கள் ஊர் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். பூமியின் வளைவைக் கணக்கிட்டால் இங்கே படம் தெரிய நியாயமில்லை. ஆனால் தெரிந்தது.

காரணம் கடல்தான். வெயில் காலத்துக் காற்றசையாத மாலைகளில் கடற்பரப்பை ஒட்டிய ஈரக்காற்றின்மேல் வெப்பமும் வறட்சியும் கொண்ட காற்று படிந்து நிற்கும். அந்த இரு அடுக்குகளுக்கு இடையே சிக்கிய அலை வானத்துக்குத் தப்பிப் போகாமல், குழாய்க்குள் நீர் ஓடுவதுபோல், வளைவையும் தாண்டி ஓடிவரும். பங்குனி, சித்திரையில் முகத்தின் மருகூடத் தெரியும். ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் அடுக்குகள் கலைந்துவிடும், கம்பமும் ஆடும், திரை முழுக்கக் கொசு பறக்கும்.

அந்த முற்றத்தின் ஓரப் பனையில் இரும்புக் குழாயைச் சேர்த்துக் கட்டி, மீன்முள் போன்ற ஆன்டெனாவை அதன் உச்சியில் நிறுத்தியிருந்தார்கள். கூடவே ஒரு பூஸ்டர். பெட்டி கறுப்பு வெள்ளை. அக்காலத்துக் கடைகளில் சாலிடேரும் டயனோராவும்தான் பெரிய பெயர்கள். அண்ணாச்சி பெட்டியின் முன் உட்கார்ந்திருப்பார். பையன்களில் ஒருவன் குழாயைத் திருப்புவான். "தெரியுதாலே?" "இல்ல, இன்னுங் கொஞ்சம் தெக்க திருப்பு." "இப்ப?" "ஏ, நிப்பாட்டு, நிப்பாட்டு!" என்பது எல்லா மாலைக்குமான தொடக்க வாழ்த்து.

*

பார்த்தது எது? பெரும்பாலும் சிங்கள நாடகங்கள், செய்திகள், ஆங்கிலத் தொடர்கள். தமிழ்ச் செய்தியும் சில தமிழ் நிகழ்ச்சிகளும் அவ்வப்போது தமிழ்ப் படமும் வரும். சிங்கள நாடகம் ஓடும்போது கொழும்புப் பாட்டையாவின் துரு உதிரும். அவர் ஒரு வரி சொல்லுவார், அதை வைத்து நாங்கள் ஒன்பது வரி கற்பனை செய்வோம். அவரும் முழுவதையும் சரியாகச் சொன்னார் என்று சொல்வதற்கில்லை. பிடிக்காத பாத்திரத்துக்கு அவர் தம் பழைய முதலாளியின் குணத்தை ஏற்றிச் சொல்கிறார் என்று பின்னாளில் சந்தேகப்பட்டோம்.

அன்று அங்கு புழங்கிய அபிப்பிராயங்கள் சிலவற்றை இப்போது திரட்டிப் பார்க்கையில் வியப்பாகவே உள்ளது. அந்த நாடகங்களில் யாரும் உரத்து அழவில்லை. "என்னவே இது, எழவு வீட்டுலகூடச் சத்தமே வரமாட்டேங்கு" என்றார் ஒருவர், குறையாக. "சத்தம் போட்டாத்தான் அழுகையா? எங்க அம்மை அப்படித்தான் அழுவா" என்றாள் பதநீர் காய்ச்சும் ஆச்சி ஒருத்தி. அவ்வளவுதான், பேச்சு அடுத்ததற்குப் போய்விட்டது.

மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' 1979இல் வந்தது. அதன் அமைதியைப் பற்றிச் சிற்றிதழ்களில் எழுதப்பட்ட கட்டுரைகளை நாங்கள் கல்லூரிக் காலத்தில்தான் படித்தோம். படித்தபோது அந்த ஆச்சி சொன்னதைத்தான் வேறு மொழியில் சொல்கிறார்கள் என்று பட்டது. வெகுசன ரசனை கூச்சலை மட்டுமே விரும்பும் என்று நம் சூழலில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். சொல்பவர்கள் அத்தகைய முற்றம் ஒன்றில் சில மாலைகளாவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

*

1983 ஜூலை 23 அன்று யாழ்ப்பாணத்தை அடுத்த திருநெல்வேலியில் இராணுவ வண்டி ஒன்று தாக்கப்பட்டுப் பதின்மூன்று சிப்பாய்கள் இறந்தனர். மறுநாள் கொழும்பில் தமிழர்மீதான வெறியாட்டம் தொடங்கியது. செய்தியில் முதலில் 'திருநெல்வேலி' என்ற சொல் விழுந்தபோது எங்கள் முற்றம் திடுக்கிட்டது. அது நம் மாவட்டத் தலைநகரன்று, வேறொரு திருநெல்வேலி என்று பாட்டையாதான் விளக்கினார். பிறகு அவர் எதுவும் பேசவில்லை. அவர் வேலை பார்த்த தெரு எரிந்ததா என்பதைத் திரை காட்டவுமில்லை.

அதுவரை நாடகத்தைப் பற்றிச் சண்டையிட்ட சிநேகிதர்கள் அதன்பின் பார்க்கலாமா கூடாதா என்று சண்டையிட்டனர். "நம்மாளுவள எரிச்சவன் டிவிய நாம எதுக்குவே பாக்கணும்?" என்று கேட்டவருக்கு யாரிடமும் பதில் இல்லை. அண்ணாச்சி ஆன்டெனாவை மேற்கே திருப்பிக் கட்டினார். மேற்கில் எங்களுக்குத் தெரிவதற்கு அன்று ஒன்றுமில்லை. வெறும் கொசுவைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? ஒரு மாலை தமிழ்ப் படம் போடுகிறார்கள் என்று தெரிந்து யாரோ குழாயை மறுபடியும் கடல் பக்கம் திருப்பினார்கள். யார் திருப்பியது என்று அண்ணாச்சி கேட்கவுமில்லை, நாங்கள் சொல்லவுமில்லை. படத்துக்குச் சிரித்தோம். அடுத்த நான்காண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் தமிழகக் கரையில் இறங்கினார்கள்.

அந்தச் சிரிப்பை என்ன செய்வது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியவில்லை. பாட்டையா அதன்பின் மொழிபெயர்க்க மறுத்துவிட்டார். "எனக்கு மறந்து போச்சு" என்றார். யாரும் நம்பவில்லை. கேட்டவரே மறுநாளிலிருந்து முற்றத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். ஒரு நிகழ்ச்சியைப் பற்றிய சாதாரண அபிப்பிராயம் இரண்டு மனிதரின் உறவை முடித்துவைக்கும் என்பதை அங்குதான் கண்டோம்.

*

1984இல் இந்தியா முழுவதும் ஏறத்தாழ நாளுக்கு ஒன்று என்ற வேகத்தில் குறைசக்தி ஒளிபரப்பிகள் நிறுவப்பட்டன. எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலையின் ஒளிபரப்பும் சேர்ந்துகொள்ள, கம்பங்கள் ஒவ்வொன்றாக வடக்கே திரும்பின. 1987 ஜனவரி 25 முதல் ஞாயிறு காலைகளில் 'இராமாயண்'. புரியாத சிங்களம் போய்ப் புரியாத இந்தி வந்தது. ஆனால் இம்முறை மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. தோல்பாவைக் கூத்திலும் வில்லுப்பாட்டிலும் கதையைக் கரைத்துக் குடித்தவர்கள் திரைக்கு முன்பே போய்க்கொண்டிருந்தார்கள். "இவன் ராவணனா? நம்ம தோல்பாவையில அவன் வந்தாப் பிள்ளைய மூத்திரம் போயிருமே" என்பது பொதுவான தீர்ப்பு. கோயில் ஆராதனை முடிந்து முதலூர்ப் பக்கத்திலிருந்து சைக்கிளை மிதித்து வரும் கிறித்தவச் சிநேகிதன் பாதிக்கதையில் வந்து சேர்வான். விட்ட பகுதியை ஆளுக்கொரு விதமாக அவனுக்குச் சொல்லுவோம்.

வீட்டுக்கு வீடு பெட்டி வந்ததும் முற்றம் காலியாயிற்று. 1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கி, கேபிள் கம்பி ஊருக்குள் நுழைந்தபோது கூடிப் பார்ப்பது பழங்கதையாகிவிட்டது. கோக்காவிலில் இருந்த ரூபவாகினி அஞ்சல் நிலையத்தைக் காத்த முகாம் 1990 ஜூலையில் வீழ்ந்த செய்தியைப் படித்தபோது எங்களில் யாருமே அந்த அலைவரிசையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

*

துக்க வீட்டில் இவற்றையெல்லாம் சற்றுப் பெருமையாகவே பேசிக்கொண்டிருந்தோம். முற்றம் எல்லோருக்கும் திறந்திருந்தது என்று எங்களில் ஒருவர் சொன்னார். பந்தலில் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த, எங்கள் வயதுடைய ஒருவர் நின்று கேட்டுவிட்டு, "நாங்க சொவருக்கு வெளிய நின்னுல்லா பாத்தோம்" என்றார். குரலில் கோபம் இல்லை, தகவல் மட்டுமே இருந்தது. மதிற்சுவருக்கு வெளியே, உடைமரத்தடியில், ஒரு வரிசை எப்போதும் நின்றுகொண்டிருந்தது உண்மை. அது ஏன் உள்ளே வரவில்லை என்பது எங்கள் ஊரில் சாதி தெரிந்த எவருக்கும் விளங்கும். சிறுவர்களான எங்களுக்கும் அது விளங்கியே இருந்தது.

திரையைப் பார்த்துத்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம், முதுகு அவர்கள் பக்கம். அவர்களும் அதே நாடகங்களைப் பார்த்தார்கள். அதே திருநெல்வேலிச் செய்தியைக் கேட்டார்கள். நடந்து திரும்பும் வழியில் ராவணனைப் பற்றியும் எங்களைப் பற்றியும் அவர்களும் ஏதேனும் சொல்லியிருப்பார்கள். அவற்றில் ஒரு சொல்கூட எங்கள் நினைவில் இல்லை, ஏனெனில் நாங்கள் கேட்டதேயில்லை. இந்தக் கட்டுரையில் 'முற்றம்' என்று வரும் இடங்களிலெல்லாம் சுவருக்கு உள்ளே என்றே வாசிக்க வேண்டும்.

நாற்காலியைப் போட்டுவிட்டு அவர் உட்காரப் போனார். உடைமரத்தடியில் அன்று என்ன பேசிக்கொள்வீர்கள் என்று அவரிடம் கேட்டோம். "அது நெறைய இருக்கு" என்று சிரித்தார். பதினாறு முடியட்டும், சாவகாசமாக வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம்.