அம்மன் குரலில் ஒரு பொய்ச்சாட்சி

மாரமங்கலத்திலிருந்து ஏற்காடு வழியாகச் சேலத்துக்கு இறங்குகிறவர்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்து அடிவாரச் சாலையில் போகையில் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவாயிலைக் கடந்திருப்பார்கள். டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய படநிலையம் அது. அரண்மனைச் சூழ்ச்சி, அதிகார ஊழல் என்றதும் அகிரா குரோசவாவின் ‘சான்ஜுரோ’வை (1962) எடுத்துப் பேசும் நம் திரை ஆர்வலர்கள், அந்த வாயிலுக்குள்ளிருந்து 1950இல் வந்த ‘மந்திரிகுமாரி’யை ஏனோ பாட்டுக்காக மட்டுமே நினைவுகூர்கிறார்கள்.

குண்டலகேசிக் கதையை ஒட்டி மு.கருணாநிதி எழுதிய படம். தன் மகன் பார்த்திபனைத் தளபதியாக்கப் பார்க்கிறார் ராஜகுரு (எம்.என்.நம்பியார்). பதவியோ வீரமோகனுக்கு (எம்.ஜி.ஆர்.) போகிறது. பார்த்திபன் கொள்ளைக்காரனாகி, கொள்ளையையும் ஒரு கலை என்று வாதாடுகிறான். எஸ்.ஏ.நடராஜன் அந்த வேடத்தை ரசித்துச் செய்திருக்கிறார்.

வீரமோகன் அவனைப் பிடித்துவிடுகிறான். ஆனால் விசாரணை தேவியின் சந்நிதிக்குப் போகிறது. சிலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அம்மன் பேசுவதுபோல் அவனை நிரபராதி என்கிறாள் அவனைக் காதலிக்கும் மந்திரி மகள் அமுதவல்லி (மாதுரி தேவி). தெய்வமே சொன்னபின் மன்னர் என்ன செய்வார்? திருடன் தப்பிக்கிறான், பிடித்தவன் நாடு கடத்தப்படுகிறான். காசு கைமாறாமலே ஒரு நீதி விலைபோவதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய தமிழ்ப் படங்கள் குறைவு.

‘சான்ஜுரோ’வில் ஒன்பது இளம் சாமுராய்கள் முகலட்சணத்தை நம்பி ஏமாறுகிறார்கள், களையான முகம் கொண்ட மேலதிகாரிதான் கள்ளன். தோஷிரோ மிஃபூனேயின் நாடோடி வீரன் வந்து வழக்கைத் தீர்த்துவிட்டுத் தன் வழியே போகிறான். அவனுக்கு அந்த ஊரில் இழக்க ஒன்றுமில்லை. அமுதவல்லிக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. தான் காப்பாற்றியவனையே மணந்தவள் அவள். மலையுச்சியில் அவன் தன்னைக் கொல்லப்போகிறான் என்று தெரிந்ததும், வலம்வர அனுமதி கேட்டுச் சுற்றிவந்து பின்னாலிருந்து தள்ளிவிடுகிறாள்.

காப்பியக் கதையிலும் இந்த மலையுண்டு. படம் கூடுதலாகச் செய்தது, அவளை மறுபடி அரசவைக்கு அனுப்பியது. எல்லாவற்றையும் சபையில் சொல்கிறாள். ஆத்திரத்தில் ராஜகுரு அவளைக் கொன்று தானும் பிடிபடுகிறார். பிறகு நாயகனும் இளவரசியும் சேர்வதெல்லாம் சம்பிரதாயம். எம்.ஜி.ஆர். படம் என்று நாம் சொல்லிக்கொண்டாலும், கதையை முடித்து வைப்பவர் மாதுரி தேவிதான்.