திருவயிந்திரபுரத்துப் பெண்கள் பாரிசில் ஆடிய கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

பொதுத்தேர்வு நெருங்கினால் புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு வேலை உண்டு. பிள்ளையை அழைத்துக்கொண்டு திருவயிந்திரபுரம் போக வேண்டும். கெடிலக்கரையில் தேவநாதப் பெருமாளைச் சேவித்துவிட்டு, எதிரே மலையேறி, ஹயக்ரீவர் சந்நிதியில் பேனாவையும் ஹால்டிக்கெட்டையும் வைத்து எடுத்துவர வேண்டும். ஆசிரியர் வேலையில் இருந்தபோது நானும் பிள்ளைகளோடு பலமுறை அந்த மலை ஏறியிருக்கிறேன். ஆனால் அந்த ஊரிலிருந்து 1838இல் ஒரு நாட்டியக் குழு கப்பலேறிப் போய்ப் பாரிசிலும் லண்டனிலும் ஆடியது என்பது பணி ஓய்வுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் படித்த பாடத்திலும் அது இல்லை. நான் நடத்திய பாடத்திலும் இல்லை. துய்ப்ளேக்ஸ் உண்டு, ஆனந்தரங்கப் பிள்ளை உண்டு, இவர்கள் இல்லை.

குழுவில் எட்டுப் பேர். ஆடும் பெண்கள் ஐவர், பக்கவாத்தியக்காரர் மூவர். ஐவரும் தேவதாசிகள். ஊர் கடலூரைச் சேர்ந்தது, ஆகவே ஆங்கிலேயர் ஆட்சி. ஒப்பந்தம் எழுதப்பட்டதோ பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில். எழுதிக்கொண்டவர் தர்திவேல் என்ற பிரெஞ்சுக்காரர், இன்றைய பேச்சில் சொன்னால் ஒரு காண்ட்ராக்டர். ரெயூனியன் முதலிய தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஏழை சனங்கள் கூலி ஒப்பந்தத்தில் கப்பலேறிய நூற்றாண்டு அது. அதே நூற்றாண்டில் ஆட்டத்துக்கும் ஓர் ஒப்பந்தம்.

அவர்கள் புறப்பட்ட கடற்கரையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இரும்புப் பாலம் அப்போது கிடையாது, அது வந்தது 1866இல். சலங்கு என்னும் படகில் ஏறி, அலையைத் தாண்டி, ஆழத்தில் நங்கூரம் போட்டிருக்கும் கப்பலுக்குப் போக வேண்டும். கடற்கரைச் சாலையில் இன்று காந்தி சிலைக்கு அருகே நிற்கிறதே பழைய கலங்கரை விளக்கம், அதில் விளக்கேற்றி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் முப்பது வருடத்துக்கு மேல் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு பல மாதப் பயணம். 1838 ஜூலையில் பொர்தோ துறைமுகத்தில் இறங்கினார்கள்.

இனி அவர்கள் பெயர்கள். நான் அதிக நேரம் செலவிட்டது இதில்தான். பிரெஞ்சுக்காரர்கள் எழுதிவைத்தபடி படித்தால் தில்லே, அமனி, சவுந்திரூன், ரம்கூன், வேய்தூன். வெளியூர்க்காரர் இதைப் பார்த்தால் எந்த நாட்டுப் பெயரோ என்று திகைப்பார். நம் ஊர்க்காரருக்கு அந்தத் திகைப்பு வேண்டியதில்லை. பிரெஞ்சில் 'உ' ஓசைக்கு இரண்டு எழுத்து போடுவார்கள். அதனால்தான் குமார், முருகேசன் என்ற சாதாரணப் பெயர்கள்கூட நம் பழைய குடும்பங்களின் அடையாள அட்டைகளில் வெளியூர் அதிகாரி திணறும்படி நிற்கின்றன. வருகைப் பதிவேட்டில் அந்த எழுத்துக்கூட்டலோடு முப்பது வருடம் மல்லுக்கட்டியவன் நான். அந்தப் பழக்கத்தில் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். சவுந்திரூன் நம் சௌந்தரம். ரம்கூன் ரங்கம், பெருமாள் கோயில் ஊருக்குப் பொருத்தமான பெயர். வேய்தூன் வேதம். தில்லே தில்லையம்மாளாகவோ தில்லம்மாளாகவோ இருக்க வேண்டும். அமனி, அம்மணி. வாத்தியக்காரர்களில் மூத்தவர் ராமலிங்கம். இன்னொருவரைத் 'தேவநயகோர்ன்' என்று எழுதிவைத்திருக்கிறார்கள். தேவநாயகன்! அவர் ஊர்ச் சாமியின் பெயரேதான். பாரிசு வரைக்கும் அது அவரோடு போயிருக்கிறது.

இது என் வாசிப்பு. தமிழறிஞர்கள் யாராவது திருத்தினால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் அன்று இரவு, இத்தனை வருடம் கழித்து ஒரு வகுப்புக்குச் சரியாகப் பெயர் கூப்பிட்டு முடித்ததுபோல் இருந்தது எனக்கு.

வயதும் பதிவாகியிருக்கிறது. தில்லைக்கு முப்பது. அம்மணிக்குப் பதினெட்டு. சௌந்தரமும் ரங்கமும் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்கள். வேதத்துக்கு ஆறு. ஆறு வயது என்றால் ஒன்றாம் வகுப்பு.

ஐரோப்பா இவர்களைக் கற்பனையில் ஏற்கெனவே பார்த்திருந்தது. தேவதாசியை அங்கே 'பாயதேர்' என்பார்கள். போர்த்துகீசியரின் 'ஆடுபவள்' என்ற சொல்லிலிருந்து வந்தது அது. ஜெர்மன் கவி கெத்தே 1797இலேயே ஒரு பாயதேரைப் பற்றிக் கவிதை எழுதிவிட்டார். 1830இல் பாரிஸ் ஓப்பராவில் 'தெய்வமும் பாயதேரும்' என்ற இசை நாடகம் வந்தது. பாயதேராக ஆடியவர் அந்தக் காலத்தின் பெரிய பாலே நட்சத்திரம் மாரி தாலியோனி. மெல்லிய வெள்ளைப் பாவாடையும் கால்விரல் நுனியில் நிற்கும் ஆட்டமுமாக ஓர் இத்தாலியப் பெண். பாரிஸ் ரசிகர்களுக்குப் பாயதேர் என்றால் அதுதான்.

எட்டு வருடம் கழித்து உண்மையான பாயதேர்கள் வந்து இறங்கினார்கள். பாதம் முழுவதும் தரையில் பதிகிற ஆட்டம், சலங்கை, மூக்குத்தி, கண்ணும் புருவமும் கழுத்தும் விரல்களும் சேர்ந்து பேசுகிற அபிநயம். தெயோஃபில் கொத்தியே என்ற கவிஞர் அவர்களைத் தங்கியிருந்த வீட்டிலேயே போய்ப் பார்த்து 1838 ஆகஸ்டில் 'லா ப்ரெஸ்' நாளிதழில் நீளமாக எழுதினார். அம்மணியிடம் மயங்கிவிட்டார் என்றே சொல்ல வேண்டும். நிறம், நகை, தலைமுடி என்று அங்குலம் அங்குலமாக வருணிக்கிறார். எனக்கு அது கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. சந்தையில் மாடு பார்ப்பவன்கூடச் சில இடங்களில் கண்ணைத் திருப்பிக்கொள்வான். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், இது கால் மட்டும் ஆடுகிற ஆட்டமல்ல, உடம்பு முழுவதும் ஆடுகிற ஆட்டம் என்பதை அவர் கண்டுகொண்டார்.

அரசர் லூயி ஃபிலிப் முன்னால் துய்லெரி அரண்மனையில் ஆடினார்கள். பிறகு வரியேத்தே என்ற நாடகக் கொட்டகையில் டிக்கெட் போட்டு ஆட்டம். அக்டோபரில் லண்டன் அடெல்ஃபி கொட்டகை. அங்கே வரவேற்பு இரண்டுவிதமாகத்தான் இருந்தது. கொண்டாடியவர்களும் உண்டு, இது என்ன ஆட்டம் என்று உதட்டைப் பிதுக்கியவர்களும் உண்டு. நிகழ்ச்சிகளுக்குத் தலைப்பு வைத்திருந்தார்கள். 'விஷ்ணுவுக்கு அலங்காரம்', 'ராஜாவுக்கு வணக்கம்' என்று. இரண்டாவது, நம் சதிர்க் கச்சேரியில் அரசரைப் பாடும் சலாம் தருவாக இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. ஆடிக்கொண்டே மெல்லிய துணியை மடித்து முறுக்கிப் புறாவாக்கிக் காட்டும் ஓர் ஆட்டமும் உண்டு. பாரிசில் எல்லாரும் வியந்தது அதை.

'இந்து விதவையின் புலம்பல்' என்றும் ஓர் உருப்படி இருந்தது. இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். பொட்டுக்கட்டிய பெண் நித்திய சுமங்கலி. அவள் கணவன் தெய்வம், அவளுக்குக் கைம்மை என்பதே கிடையாது. கல்யாண வீட்டில் அவளைக் கொண்டுதான் தாலிக்கு மணி கோக்கச் சொல்வார்கள். அப்படிப்பட்டவளை மேடையில் விதவையாக உட்காரவைத்தார்கள். பெண்டிங்க் 1829இல் உடன்கட்டையைத் தடைசெய்து ஒன்பது வருடம்தான் ஆகியிருந்தது. இந்தியா என்றாலே அவர்களுக்கு விதவையும் நெருப்பும்தான் ஞாபகம். கேட்டதை விற்றார் காண்ட்ராக்டர். இன்னொன்று, பாரிசில் அவர்களைத் தங்கவைத்திருந்த தெருவின் பெயர் 'அலே தே வேவ்'. விதவைகள் சாலை என்று பொருள்.

பெல்ஜியம், ஜெர்மனி என்று குழு மேலும் சுற்றியது. அம்மணி லண்டனில் தூக்கிட்டுக்கொண்டாள் என்று கொத்தியே பின்னாளில் எழுதியிருக்கிறார். பனிமூட்டமும் மனச்சோர்வும் காரணம் என்பது அவர் எழுத்து. கவிஞர் சொல்லும் காரணத்தை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். ஊர், கோயில், தாய்மொழி எதுவும் அருகில் இல்லாமல், தினமும் இரவு பார்க்க வருகிற கூட்டத்துக்கு முன்னால் நின்ற பெண்ணுக்குப் பனிமூட்டம் ஒன்றா குறை?

ழான் ஓகுஸ்ட் பார் என்ற சிற்பி அம்மணியை 1838இலேயே சிறு வெண்கலச் சிலையாக வடித்தார். அதற்கு முந்தின வருடம்தான் தாலியோனியையும் ஃபானி எல்ஸ்லர் என்ற இன்னொரு பாலே ராணியையும் வடித்திருந்தார். ஐரோப்பாவின் இரு பெரும் ஆட்டக்காரிகளுக்கு அடுத்து நம் கெடிலக்கரைப் பெண். படத்தைப் பார்த்தேன். அந்த உடம்பு நிற்கும் நிலை பரதம் கற்கும் எந்தப் பிள்ளைக்கும் தெரிந்ததுதான். கொத்தியே அதன்பின் 1858இல் சகுந்தலையைப் பாலேயாக்கக் கதை அமைத்துக் கொடுத்தார். 1877இல் ருஷ்யாவில் பெத்திபா 'லா பாயதேர்' என்ற பாலேயை அமைத்தார். அது இன்றும் உலகமெங்கும் ஆடப்படுகிறது. ஆடுபவர்கள் கால்விரல் நுனியில்தான் நிற்கிறார்கள்.

இங்கே 1947இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். ஆறு வயது வேதத்தை நினைத்துக்கொண்டால், அந்தச் சட்டத்துக்கு எதிராக ஒரு வார்த்தையும் என் வாயில் வராது. ஆனால் வழக்கம் போனபோது அந்தப் பெண்களின் பெயரும் சேர்ந்து போய்விட்டது. சதிர் பரதநாட்டியம் ஆனது, பெரிய வீட்டுப் பெண்கள் கற்றார்கள், சலங்கை பூஜைக்கு அழைப்பிதழ் அடிக்கிறோம். அதில் அம்மணிக்கு இடமில்லை. அந்த மரபில் பிறந்து தலைநிமிர்ந்து வெளிநாடு போனவர் பாலசரஸ்வதி. 1963இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ விழாவில் ஆடினார். என்ன ஆடுவது என்பதை அங்கே அவர்தான் முடிவு செய்தார். விதவை வேடம் போடச் சொல்ல ஒரு தர்திவேல் இல்லை.

கடலூர், திருவயிந்திரபுரம், புதுச்சேரிப் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது, எங்கள் முன்னோரில் ஒருத்தி கப்பலேறிப் போய் ஆடினாள் என்று எப்போதாவது சொல்லிக் கேட்டிருந்தால் எனக்குத் தனிச்செய்தியில் எழுதுங்கள். இங்கே பொதுவில் எழுத வேண்டாம். உங்கள் பெயரை எங்கும் சொல்ல மாட்டேன். கேட்டது அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு பெயர் கிடைத்தால்கூடப் போதும்.