வுட் (குடும்பப் பெயர்)

வுட் என்பது இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பரவலாக வழங்கும் ஒரு குடும்பப் பெயர் ஆகும். காடு என்பது இதன் பொருள். பொள்ளாச்சியை அடுத்த ஆனைமலைத் தேக்குக் காடுகளை மீட்ட வன அலுவலர் ஹியூகோ வுட் இப்பெயரைக் கொண்டவர்.

பெயர்த் தோற்றம்

தமிழரின் தலைப்பெழுத்து தந்தையின் பெயரைக் குறிப்பதால் தலைமுறைதோறும் மாறும். ஆங்கிலேயரின் குடும்பப் பெயர் மாறாது தொடரும். இடைக்காலத்தில் வாழிடம், தொழில், தந்தை பெயர், பட்டப்பெயர் ஆகியவற்றிலிருந்து இத்தகைய பெயர்கள் தோன்றின. வுட் வாழிடப் பெயராகும். பழைய ஆங்கிலத்தில் காட்டைக் குறித்த 'வுடு' என்னும் சொல்லிலிருந்து பிறந்து, காட்டருகே வாழ்ந்தவரைச் சுட்டியது. 'காட்டருகே' எனப் பொருள்படும் தொடரிலிருந்து அட்வுட் என்னும் பெயரும் தோன்றியது. வெறி கொண்டவர் எனப் பொருள்படும் பழஞ்சொல்லொன்றும் சில குடும்பங்களின் பெயருக்கு மூலமாக இருக்கலாம்.

ஹியூகோ வுட்

ஹியூகோ பிரான்சிஸ் ஆண்ட்ரூ வுட் (1870 - 1933) இந்திய வனப் பணி அலுவலர். ஆனைமலைத் தேக்கு மரங்கள் கப்பல் கட்டவும் தொடர்வண்டிப் பாதைக்கும் பெருமளவில் வெட்டப்பட்டன. வெட்டிய மரங்கள் மலையுச்சியிலிருந்து சரித்து விடப்பட்ட இடமே டாப்சிலிப் எனப் பெயர் பெற்றது. இதனால் காடு அழிந்துவந்த நிலையில், அடிக்கட்டையை விட்டு வெட்டி மீண்டும் துளிர்க்கச் செய்யும் முறையை வுட் கையாண்டார். நடந்து செல்லும்போது ஊன்றுகோலால் குழியிட்டுத் தேக்கு விதைகளை ஊன்றினார் என்றும் கூறப்படுகிறது. அவரது கல்லறை டாப்சிலிப் அருகே மவுண்ட் ஸ்டூவர்ட்டில் தேக்கு மரங்களின் நடுவே உள்ளது. அதிலுள்ள இலத்தீன் வாசகம், அவரது நினைவுச்சின்னத்தைத் தேடுவோரைச் சுற்றிலும் பார்க்கச் சொல்கிறது. லண்டன் புனித பவுல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னின் கல்லறையிலும் இதே வாசகம் உண்டு. இப்பகுதி தற்போது ஆனைமலை புலிகள் காப்பகத்தில் அடங்கும்.

இப்பெயர் கொண்ட பிறர்

* சார்லஸ் வுட் (1800 - 1885) - அரசியலாளர். இவரது 1854ஆம் ஆண்டு கல்வி அறிக்கையைத் தொடர்ந்து 1857இல் சென்னை, பம்பாய், கல்கத்தாப் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன.
* எட்வர்டு வுட் (1881 - 1959) - சார்லஸ் வுட்டின் பேரன். 1926 முதல் 1931 வரை இந்தியத் தலைமை ஆளுநர். இர்வின் பிரபு என்பது இவரது பட்டமே. குடும்பப் பெயர் வுட். 1931இல் காந்தியடிகளுடன் காந்தி - இர்வின் ஒப்பந்தம் செய்துகொண்டவர்.
* கிராண்ட் வுட் (1891 - 1942) - அமெரிக்க ஓவியர்.
* நடாலி வுட் (1938 - 1981) - அமெரிக்கத் திரைப்பட நடிகை. உருசியக் குடும்பத்தில் பிறந்த இவருக்கு வுட் என்பது திரைப்பெயர் மட்டுமே.
* மார்க் வுட் (பிறப்பு 1990) - இங்கிலாந்துத் துடுப்பாட்ட அணியின் வேகப்பந்து வீச்சாளர்.