பிரஷ்ஷும் தாம்சனும்: ஒரே விளக்கு, இரு வழிகள்

எடிசனின் இழைவிளக்கு வீடுகளுக்குள் நுழையுமுன் அமெரிக்கத் தெருக்களில் ஒளிவீசியது மின்வில் விளக்கு. அதை வளர்த்தெடுத்தவர்களில் சார்லஸ் பிரஷ் (1849–1929), எலிஹு தாம்சன் (1853–1937) இருவரும் முக்கியமானவர்கள். பிரஷ் ஒஹையோ பண்ணையில் பிறந்து சுரங்கப் பொறியியல் படித்தவர். தாம்சன் மான்செஸ்டரில் பிறந்தவர். சிறுவயதில் பிலடெல்பியா வந்து, தாம் படித்த பள்ளியிலேயே ஆசிரியரானவர். 1877–78இல் பிலடெல்பியாவின் பிராங்கிளின் நிறுவனம் டைனமோக்களைச் சோதித்தபோது பிரஷ்ஷின் எந்திரமும் சோதனைக்கு வந்தது. சோதித்த குழுவில் தாம்சன் இருந்தார்.

மின்வில் விளக்கில் இரு கரித்தண்டுகளின் நுனிகளுக்கிடையே மின்சாரம் வில்லாகப் பாய்ந்து ஒளி தரும். தண்டுகள் எரியஎரிய இடைவெளி கூடி ஒளி அணைந்துவிடும். பிரஷ் தண்டைச் சுற்றி ஒரு வளையத்தைத் தளர்வாக மாட்டினார். மின்காந்தம் வளையத்தின் ஒரு பக்கத்தைத் தூக்கினால் அது சாய்ந்து தண்டைக் கவ்வும். இடைவெளி கூடி மின்னோட்டம் தளர்ந்தால் பிடி நழுவித் தண்டு சற்றே இறங்கும். 1879 ஏப்ரலில் கிளீவ்லாந்து சதுக்கத்தில் இத்தகைய 12 விளக்குகள் எரிந்தன. தாம்சனும் அவர் கூட்டாளி எட்வின் ஹூஸ்டனும் பெயர்பெற்றது டைனமோவின் தானியங்கிச் சீராக்கியால்: தொடரிணைப்பில் எத்தனை விளக்குகள் எரிந்தாலும் மின்னோட்டத்தை அது மாறாமல் காத்தது.

இதுவரை இருவரும் சமம். வழி பிரிந்தது இதன் பிறகுதான். பிரஷ்ஷின் நிறுவனம் பெரிதும் நம்பியிருந்தது மின்வில் விளக்கை. லின் நகரின் தாம்சன்-ஹூஸ்டன் நிறுவனமோ இழைவிளக்கு, மாறுமின்னோட்டம், டிராம் என்று கிளைவிட்டது. வணிகத்தைச் செருப்புத் தொழிலிலிருந்து வந்த சார்லஸ் காஃபின் பார்த்துக்கொள்ள, தாம்சன் ஆய்வுக்கூடத்தை விட்டு நகரவில்லை. மின்தடைப் பற்றவைப்பு, மின்கணக்கி என ஏறத்தாழ 700 காப்புரிமைகள் அவருக்குக் கிடைத்தன. 1889இல் பிரஷ்ஷின் நிறுவனத்தை வாங்கியதும் தாம்சன்-ஹூஸ்டன்தான். 1892இல் அது எடிசன் நிறுவனத்தோடு இணைந்து ஜெனரல் எலெக்ட்ரிக் ஆனது.

ஆனால் விலைபோகுமா என்று பாராமல் ஆராயும் சுதந்திரம் பிரஷ்ஷுக்கு இருந்தது. 1888இல் அவர் தம் வீட்டுக் கொல்லையில் காற்றாலை எழுப்பினார்: 17 மீட்டர் விட்டச் சக்கரம், 144 தேவதாரு இறக்கைகள், நிலவறையில் 408 மின்கலங்கள். சுமார் 20 ஆண்டுகள் வீட்டுக்கு மின்சாரம் தந்தும் அது கொல்லையைத் தாண்டவில்லை. அதை மேம்படுத்தி விற்க, தாம்சனுக்கு வாய்த்ததுபோல் ஓர் ஆய்வுக்கூடமும் ஒரு காஃபினும் அதன் பின்னால் இல்லை. புதிய கேள்வியை எழுப்பத் தனிமனிதர் போதும். விடையை ஊருக்குப் பொதுவாக்க நிறுவனம் வேண்டும்.