கூலியில் பிள்ளைக்கும் பங்கு

மேதக் பேராலயத்தைப் பஞ்சத்தில் அடிபட்டவர்கள் கட்டிய கதைக்குள் நுழையுமுன் தாது வருஷப் பஞ்சத்துக்குப் போய்வர வேண்டும். பேராலயத்தைக் கட்டுவித்த போஸ்நெட் செய்ததன் அருமை, அவருக்கு முன் நின்ற ஜான் கிளஃபைப் பார்த்தால்தான் விளங்கும். கிளஃபின் அருமையோ ரிச்சர்ட் டெம்பிளைப் பார்த்தால்தான் விளங்கும்.

டெம்பிள் 1867இல் ஹைதராபாத்தில் ரெசிடெண்டாக இருந்தவர். தக்காணத்து மண்ணும் வெயிலும் அவருக்குத் தெரியும். பத்து வருஷம் கழித்துப் பஞ்சப் பிரதிநிதியாகச் சென்னை மாகாணம் வந்தவர், நிவாரண வேலைக்கு வருகிற ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று முடிவுகட்டினார். ராத்தல் என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. பொழுதெல்லாம் மண் வெட்டுகிறவனுக்கே அது பற்றாது. குடிசையில் கிடக்கும் பிள்ளைக்கு அதில் எதை எடுத்துவைப்பான்? மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் விடாமல் எதிர்த்தார். சில மாதங்களில் கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று. அதற்குள் போன உயிர்கள் போனவைதான். டெம்பிளைச் சிக்கனமான நிர்வாகி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். என் கணக்கில் அவர் கொடியவர்.

இப்போது ஒங்கோலுக்கு வருவோம். அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரியான கிளஃப் 1866 முதல் அங்கே இருந்தார். மிஷனரியாகுமுன் நில அளவை வேலை பார்த்தவர். பஞ்சத்தில் அரசு பக்கிங்ஹாம் கால்வாயில் வெட்டு வேலை நடத்தியபோது, அந்தப் பழைய தொழில் கைகொடுத்தது. மூன்றரை மைல் நீளத்துக்கு அவரே குத்தகை எடுத்துவிட்டார்! பாதிரியாருக்கு எதற்குக் கால்வாய்க் குத்தகை? அவரை நம்பியிருந்தவர்கள் பெரும்பாலும் மாதிகர், தீண்டப்படாதவர் என்று ஊர் ஒதுக்கிவைத்தவர்கள். சாதி பார்க்கும் மேஸ்திரியிடம் அவர்கள் போனால் வேலையும் நிச்சயமில்லை, கூலியும் நிச்சயமில்லை. தம் உபதேசியார்களையே மேஸ்திரிகளாக நிறுத்தினார் கிளஃப். ஆண்கள் வெட்டினார்கள், பெண்கள் கூடையில் மண் சுமந்து கரையேற்றினார்கள், கூலி முழுசாகக் கைக்கு வந்தது. கஞ்சித் தொட்டியில் கையேந்தி நிற்காமல், தாய் தகப்பன் உழைத்த காசில் பிள்ளைகள் வீட்டில் கஞ்சி குடித்தன.

அவரை நான் கொண்டாடுவது இதற்காக மட்டுமல்ல. ஞானஸ்நானம் கேட்டு ஆயிரக்கணக்கானோர் வந்தபோது, பஞ்சம் தீரும்வரை முடியாது என்று மறுத்தார். சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்பதில் அப்படி ஒரு பிடிவாதம். மிஷன் கணக்கில் எண்ணிக்கை கூட்ட இதைவிட நல்ல வாய்ப்பு வேறு எந்த ஊழியருக்குக் கிடைத்திருக்கும்? நிவாரண வேலைகள் முடிந்து, பஞ்சக் காசு நின்றுபோன பிறகுதான் கதவைத் திறந்தார். 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பசிக்குப் பணிந்த கூட்டம் என்று அவர்களை ஒற்றை வரியில் தள்ளிவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. கொடுப்பதற்கு மிஷனிடம் கூலி இருந்த நாளில் அவர்களுக்குக் கிடைத்தது, பொறுத்திருங்கள் என்ற பதில்தானே?

1895இல் செகந்திராபாத் வந்திறங்கிய சார்லஸ் வாக்கர் போஸ்நெட் வெஸ்லியன் சபைக்காரர். கிளஃபின் சபை வேறு. ஆனால் மேதக்கில் பஞ்சம் வந்தபோது அவரும் வேலைக்கு உணவு என்ற வழியையே பிடித்தார். அந்த வேலைதான் 175 அடிக் கோபுரமாக எழுந்து, 1924 கிறிஸ்துமஸ் அன்று பிரதிஷ்டையானது. வானம் தோண்டியதிலிருந்து தொடங்கி, அதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.